கடலைக் கடைசி வரியில் எழுதாதீர்கள்

கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா கூட்டி வரும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, சேர்மாரே, டீச்சர்மாரே,

ஹட்டன், பண்டாரவளை, வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பஸ் எங்கிருந்து புறப்பட்டாலும் கொழும்புச் சுற்றுலாவின் நிரல் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பிறகு நூதனசாலை, பாராளுமன்றத்தைத் தூரத்தில் நின்று ஒரு பார்வை, தாமரைக் கோபுரம். கடைசி வரியில் "மாலை: கடற்கரை". எந்தக் கடற்கரை, எத்தனை மணி, குளிப்பதா பார்ப்பதா என்று அந்த வரியில் எதுவும் இருக்காது.

அந்த ஒரு வரியை நீங்கள் மாற்றி எழுத வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நிரலில் முன்னால் உள்ள ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம் பிந்தும். காலி வீதி நெரிசல் மிச்ச நேரத்தையும் தின்றுவிடும். பஸ் கடலோரம் வந்து நிற்கும்போது ஐந்தரை மணி. கொழும்பில் நவம்பரில் 5.50 அளவில் சூரியன் மறைந்துவிடும். ஜூலையில்கூட ஆறரை அளவில் மறைந்துவிடும். மறைந்தபின் இருபது நிமிடத்தில் தண்ணீரில் இருக்கும் தலையை எண்ண முடியாத இருட்டு வந்துவிடும். பிள்ளைகள் காலை நான்கு மணியிலிருந்து விழித்திருப்பவர்கள். பசியும் களைப்பும் இருந்தாலும் கடலைக் கண்டவுடன் ஓடுவார்கள். ஆசிரியர்களோ அவர்களை விடக் களைத்தவர்கள், அந்நேரம் எல்லோர் கண்ணும் சூரியனில். உயிர்காப்பாளர்கள் கடமை முடித்துப் போகும் நேரமும் ஏறத்தாழ அதுதான். ஆபத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் வந்து கூடுகின்றன. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நிரலில் இருந்த இடம்தான் பிழை.

எங்கள் யோசனை இது: கடலை இரண்டாகப் பிரியுங்கள். பார்க்கிற கடலை மாலையில் வையுங்கள். குளிக்கிற கடலை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். இரவு தங்காத ஒருநாள் பயணம் என்றால் குளிப்பை முழுதாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் முகம் வாடும் என்பது தெரியும். ஆனாலும் இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்த பிள்ளையை அதே நாளில் அலைக்குள் இறக்குவதற்கு நாங்கள் சம்மதம் சொல்ல மாட்டோம்.

பார்க்கிற கடலுக்குக் காலிமுகத்திடல் போதும், அதைவிட நல்ல இடமும் இல்லை. கிழக்கிலிருந்து வரும் பிள்ளைகள் கடலில் சூரியன் உதிப்பதைக் கண்டிருப்பார்கள், கடலுக்குள் இறங்குவதைக் கண்டிருக்க மாட்டார்கள். மலையகப் பிள்ளைகளில் பலர் இரண்டையும் காணாதவர்கள். அந்தக் காட்சியை அவர்களுக்குக் கொடுக்கத்தான் நீங்கள் மாலையைத் தெரிவு செய்கிறீர்கள் என்பது எங்களுக்கு விளங்குகிறது. அதைக் கடலோர மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே கொடுக்கலாம். நாலரைக்கு முன் வராதீர்கள், திடலில் நிழல் கிடையாது. பட்டம் வாங்கினால் காற்று உங்கள் பக்கம். இஸ்ஸோ வடை பிள்ளைகளுக்குப் புதிது, வாங்கிக் கொடுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்பதை மட்டும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உறைப்புப் போட்ட அன்னாசியும் மாங்காயும் நீண்ட பஸ் பயணத்துக்கு முன் வேண்டாம்.

கல்விச் சுற்றுலா என்ற பெயருக்கு ஏற்றதும் அங்கேயே இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்கும் கல்வெட்டை அவர் நட்டுவைத்தார். பிள்ளைகளைக் கொண்டு அதை வாசிக்க வையுங்கள். வடக்கே திரும்பினால் துறைமுக நகரம்: 2014 இல் வேலை தொடங்கி, கடலடி மணலை அள்ளி 2019 தொடக்கத்துக்குள் நிரப்பி முடித்த 269 ஹெக்டயர். புவியியல் டீச்சருக்கு அங்கே ஒரு முழுப் பாடம் கிடைக்கும்.

காலிமுகத்திடலில் தண்ணீருக்குள் மட்டும் இறக்காதீர்கள். மதிலின் கீழே சில மாதங்களில் கொஞ்சம் மணல் தெரியும். படியும் இருக்கும், நாலைந்து பேர் கால் நனைத்துக்கொண்டும் நிற்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கல்லில் பாசி. மதிலில் மோதிய அலை அப்படியே திரும்பி, அடுத்து வரும் அலையோடு மோதுவதால் தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. விழுந்த பிள்ளையை ஏற்ற மணற்சரிவும் இல்லை, கல்தான் இருக்கிறது.

அடுத்தது குளிக்கிற கடல். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கரையின் பெரும்பகுதி பாறாங்கல் அடுக்கியது. இடையிடையே உள்ள மணல் துண்டுகள் அந்தந்த இடத்தைப் பல வருடம் அறிந்தவர்களுக்கு உரியவை. நாற்பத்தைந்து பிள்ளைகளோடு வருபவர்களுக்குக் கல்கிசை ஒன்றுதான் பொருந்தும். அங்கே மணல் அகலமாக இருக்கிறது, பொலிஸ் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், கோட்டையிலிருந்து கரையோரப் பாதையில் ரயிலும் வருகிறது.

எந்த மாதம் என்பது எந்த இடம் என்பதைவிடப் பெரிய கேள்வி. இங்கேதான் வடக்கு, கிழக்கு ஆசிரியர்கள் தங்கள் ஊர்க் கணக்கை அப்படியே கொண்டு வந்து பிழை விடுகிறார்கள். ஓகஸ்டில் பாசிக்குடா குளம் போலக் கிடக்கும், அதே ஓகஸ்டில் கொழும்புக் கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரைக்குக் கொந்தளிப்புக் காலம். டிசம்பரில் வாடைக்காற்று கிழக்குக் கடலைக் கலக்கும்போது கல்கிசை அடங்கியிருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையே இங்கே பிள்ளைகளைக் குளிக்க விடலாம். ஓகஸ்ட் விடுமுறையில் வந்தால் வெயில் எறித்தாலும், வானம் நீலமாக இருந்தாலும் குளிப்பு இல்லை. அலையைக் கிளப்பும் காற்று தொலைவில், தென்மேற்குக் கடலில் அடிக்கிறது. கொழும்பு வானம் அதைக் காட்டாது.

பிள்ளைகள் எந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள் என்பதையும் யோசியுங்கள். காரைநகர்க் கசூரினாவில் ஆழம் குறைந்த தண்ணீரில் விளையாடிய பிள்ளை, கல்கிசையிலும் பத்தடி நடந்தால் முழங்கால் ஆழம்தான் என்று நம்பி நடக்கும். ஆற்றில் நீந்தப் பழகிய மலையகப் பையன் தன்னை நீச்சல்காரன் என்று எண்ணுவான். ஆறு ஒரு பக்கம்தான் இழுக்கும், அலைக்கடல் அப்படி இல்லை. நீந்தத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை கரையோரம் நிற்கும். தெரியும் என்று சொல்லும் பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

கல்கிசைக் கரை வருடா வருடம் வடிவம் மாறும். 2020 இல் கடலடி மணலைக் கொண்டுவந்து கரையை அகலப்படுத்தினார்கள். சோளகம் தொடங்கியதும் அதில் ஒரு பங்கை அலை எடுத்துச் சென்றது. ஆகவே "போன முறை வந்தபோது ஆழமில்லை" என்ற சொல்லை நம்ப முடியாது. கரை சரிவாக இருக்கும் நாளில் அலை தூரத்தில் உடையாமல் காலடியில் வந்து உடையும். முழங்கால் அளவு அலைகூடப் பத்து வயதுப் பிள்ளையை இருத்திவிடும். திரும்பும் தண்ணீர் காலுக்குக் கீழே உள்ள மணலையும் சேர்த்து இழுக்கும். கடலுக்கு முதுகு காட்டிக் குழுப்படம் எடுக்கும்போது நடப்பது இதுதான். படம் எடுப்பதென்றால் ஈரமில்லாத மணலில் நின்று எடுங்கள்.

இனி இழுவை நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டில் பள்ளமான ஒரு இடைவெளி கிடைத்தால் எல்லாம் அதனூடாகச் சேர்ந்து வெளியே ஓடும். அந்த இடைவெளியில் ஆழம் கூட என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் அமைதியான, கொஞ்சம் கறுத்த ஒரு பட்டை. பிள்ளைக்கும், கடல் பழகாத பெரியவருக்கும் அந்த அமைதியான இடமே குளிக்க நல்ல இடமாகத் தெரியும். அதுதான் இழுக்கும் இடம். கடுமையான நாளில் செக்கனுக்கு இரண்டு மீற்றர் வரை ஓடும், எந்த நீச்சல் வீரராலும் அதற்கு எதிராக நீந்த முடியாது. இறங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் மணலில் நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் ஓய்வு இருக்கும். ஓய்வு நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் கடல் அடங்கிவிட்டது என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் முடிந்ததும் உயிர்காப்பாளரிடம் போய், இன்று எந்தத் துண்டு நல்லது என்று கேளுங்கள். அவர் கடமைக்கு வரும்வரை யாரும் ஈரமாகக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் குளிப்பு இல்லை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும்.

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை வையுங்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறும், மணல் சுடும். பஸ்ஸில் உள்ள எல்லோரையும் ஒன்றாக இறக்க வேண்டாம். பத்துப் பேர், பதினைந்து நிமிடம், பிறகு அடுத்த பத்துப் பேர். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் தண்ணீரில், ஒருவர் கரையில். தண்ணீரில் நிற்கும் பெரியவர்கள் கடல் பக்கம் நின்று கரையைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் அவர்களுக்கும் கரைக்கும் நடுவில். அலை வருவதைக் கரையில் நிற்பவர் கத்திச் சொல்ல வேண்டும். அவருடைய கையில் கைத்தொலைபேசி இருக்கக் கூடாது, விசில் இருக்க வேண்டும். ஒரு ஊதல் என்றால் எல்லோரும் அசையாமல் நின்று தலை எண்ணுவது, மூன்று ஊதல் என்றால் கரைக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். ஆழத்தின் எல்லை குழுவில் மிகக் குள்ளமான பிள்ளையின் இடுப்பு. டீச்சரின் இடுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உடுப்பு விடயத்தில் வெட்கப்படாமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாடசாலைச் சீருடை வெள்ளை. நுரைக்குள் வெள்ளை உடுப்பு மறைந்துவிடும். நீலமும் சாம்பலும் அப்படியே. செம்மஞ்சள், சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் ரீசேட் கொண்டுவரச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் சல்வாரின் துப்பட்டாவைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். அது நனைந்தால் கழுத்திலும் கையிலும் சுற்றும். ஒட்டிய காற்சட்டையும் நீளக்கை ரீசேட்டும் மரியாதைக்கும் சரி, பாதுகாப்புக்கும் சரி. டெனிம் காற்சட்டை ஈரமானால் கல் கட்டியது போல. டீச்சர்மாரே, சாரியோடு தண்ணீரில் காவல் நிற்க முடியாது. காவல் நிற்பவர் யார் என்பதை முதல் நாளே தீர்மானித்து அவருக்கு ஏற்ற உடுப்பைக் கொண்டுவாருங்கள்.

பந்தும் காற்றடித்த ரியூப்பும் வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரிக் காலையில் கொழும்பில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கடலின் மேற்பரப்பு அழகாக, மட்டமாக இருக்கும். பந்து விழுந்தால் பிள்ளை எட்டும் தூரத்தில் மிதக்கும். பிள்ளை ஓர் எட்டு வைத்தால் பந்து இரண்டு எட்டுப் போகும். ரியூப்பில் பிள்ளையே இருந்தால் பிள்ளையும் போகும்.

கொண்டுவர வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது, அதற்குப் பெரிய செலவு இல்லை. இருபத்தைந்து மீற்றர் கயிறும், மூடி இறுகிய ஐந்து லீற்றர் வெற்றுத் தண்ணீர்க் கானும். கயிறு பொலிப்புரொப்பிலீனாக இருக்க வேண்டும், ஹாட்வெயார் கடையில் மிதக்கும் கயிறு என்று கேளுங்கள். நைலோன் கயிறு தண்ணீரில் தாழும், தும்புக் கயிறு ஊறிப் பாரமாகும். கானுக்குள் இரண்டு கப் தண்ணீர் விட்டு மூடுங்கள். வெறும் கானை எறிந்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும். கயிற்றின் ஒரு முனையைக் கானின் பிடியில் கட்டி, மறுமுனையில் கை நுழையும் அளவு வளையம் போடுங்கள். புறப்படும் முன் பாடசாலை மைதானத்தில் நாலைந்து தடவை எறிந்து பழகுங்கள். பிள்ளையின் தலைக்கு அப்பால் விழும்படி எறிந்து, பிறகு இழுத்துக் கைக்குக் கொண்டுவருவதே முறை.

இந்தக் கயிற்றை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பிள்ளை இழுபடும்போது ஆசிரியர் பாய்வார். பாய்வது பாசம். ஆனால் தத்தளிக்கும் பிள்ளை கிடைத்த உடலில் ஏற முயலும், பயிற்சி இல்லாதவர் தானும் அமிழ்வார். கையைக் கோத்துச் சங்கிலி போல நிற்பதும் அப்படித்தான், ஒரு பெரிய அலையில் அறுந்து நாலு பேர் இழுபடுவார்கள். கானை எறியுங்கள், விசில் ஊதுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், ஒரு ஆள் விரலால் பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே நிற்கட்டும், கண்ணை எடுக்கவே கூடாது. பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்: இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, ஒரு கையை உயர்த்து. நீந்த முடிந்தால் கரைக்கு நேராக வராமல் கரையோரமாகப் பக்கவாட்டில் போ.

கரைக்கு எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் இன்றும் நடக்கின்றன. இரண்டும் தவறு. மூச்சு இல்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து ஊதல், பிறகு நெஞ்சழுத்தல். அதே நேரத்தில் 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது பஸ்ஸில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குளிப்பு வேண்டாம். தண்ணீர் குடித்து இருமிய பிள்ளை எழுந்து சிரித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், மூச்சுத்திணறல் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். கல்கிசைக்குக் கிட்ட இருப்பது களுபோவில போதனா வைத்தியசாலை.

தண்ணீரின் சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நகரத்துக் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. பெருமழைக்குப் பிறகு அந்த வாய்களிலிருந்து கபில நிறத் தண்ணீர் கரையோரமாகப் பரவும். மழை பெய்து இரண்டு நாள் கழியும் வரை குளிப்பைத் தள்ளிவையுங்கள். புண் உள்ள பிள்ளை எந்த நாளிலும் இறங்க வேண்டாம். இழுதுமீன் பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், மணலால் தேய்க்கவோ போத்தல் தண்ணீர் ஊற்றவோ கூடாது, எரிவு கூடும்.

குளிக்காத பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். அலை விட்டுச் சென்ற குப்பை வரிசையில், கடலைப் பருப்பிலும் சின்னதாக வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளைத் தேடச் சொல்லுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் இருந்தன. மேற்குக் கரை முழுவதும் அவை ஒதுங்கின. பிறகு எல்லோரும் கை கழுவ வேண்டும்.

கடலைவிட நீங்கள் குறைவாக எண்ணும் ஆபத்து கோச்சிப் பாதை. கல்கிசையில் மணலுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அங்கே இரட்டைப் பாதை. ஒரு கோச்சி போய் முடிந்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள், அதன் மறைவில் எதிர்ப்பக்கக் கோச்சி வந்துகொண்டிருக்கும். அலைச் சத்தமும் கடற்காற்றும் சேர்ந்தால் மிகக் கிட்ட வரும்வரை கோச்சிச் சத்தம் கேட்காது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆசிரியர் நிற்க, பத்துப் பேராகக் கடக்க விடுங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதை முழுதாகத் தடை செய்யுங்கள். காலி வீதியிலிருந்து கரைக்கு இறங்கும் வீதிகள் ஒடுக்கமானவை, பெரிய பஸ் திரும்புவது சிரமம். பஸ்ஸை எங்கே நிறுத்துவது, பிள்ளைகள் எங்கே உடுப்பு மாற்றுவது, எங்கே நல்ல தண்ணீரில் உடம்பு கழுவுவது என்று முதல் நாளே ஒருவர் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். தலைக்கு ஐந்து லீற்றர் கழுவுவதற்கு, ஒரு லீற்றர் குடிப்பதற்கு.

பிள்ளை தவறிப்போனால் என்ன செய்வது என்பதையும் புறப்படும் முன் முடிவு செய்யுங்கள். கையில் கட்டும் பட்டியில் கூட வந்த ஆசிரியரின் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் பாடசாலை இலக்கம் உதவாது. பிள்ளையின் பெயர் வெளியே தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக மொழி. உயிர்காப்பாளர் அவசரத்தில் கத்துவது பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று விளங்காத பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும், இன்னும் ஓர் அடி உள்ளே போகும். பஸ்ஸில் பாட்டுப் பாடி வரும் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்து மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொடுங்கள். "கொடட்ட என்ன" என்றால் கரைக்கு வா. "எஹாட்ட யன்ன எப்பா" என்றால் அங்கால போகாதே. "உதவ் கரன்ன" என்றால் உதவி செய்யுங்கள். முதல் இரண்டையும் கேட்டவுடன் உடம்பு தானாகத் திரும்ப வேண்டும், மூன்றாவதைத் தொண்டை கிழியக் கத்தத் தெரிய வேண்டும். பேராதனையிலோ அநுராதபுரத்திலோ தேநீருக்கு நிற்கும்போது இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொழும்புக் கரையில் நீந்துவோரும் உயிர்காப்புப் பயிற்சி பெற்றோருமான சிலர்